பல்லி, வயிறு, கரும்பு

எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று போடி பஜாரில் முதலில் நம்பியவன் நான்தான். மற்றவர்கள் எனக்குப் பிறகுதான் நம்பினார்கள். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பொய் என்று பிரித்துத் தெரிந்துகொள்வதற்குள் மதுரைக்கும் தேனிக்கும் அலைந்து, சொந்தக் குடோனில் மயங்கி விழுந்து, நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இதை எழுதலாம் என்ற எண்ணத்தைக் கிளப்பிவிட்டவர் ஒரு டாக்டர். எழுதுகிற நான் ஏலக்காய் வியாபாரி. தப்பு இருந்தால் டாக்டரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், என் கடைக்கு வாருங்கள்.

எல்லாம் ஒரு போன் பேச்சில் தொடங்கியது. இடுக்கிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குரியச்சன் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவருடைய ஏலக்காய் மூட்டைகள் விற்பனைக்காக என் குடோனில் இருந்தன. விலை ஏறும் போலிருந்த ஒரு நாள் போன் செய்து, "இப்போ கொடுக்கண்டா" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் அதற்குக் கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம். என் காதில் விழுந்தது "கொடுக்கணம்". அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். நானும் கையோடு விற்றுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் அவருக்கே போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் அவர் கத்திய கத்தல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மலை ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன், நஷ்டத்தை ஏற்றுக்கொண்டேன், அந்த மனுஷன் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் டேவிட் விடவில்லை. "அவர் வேண்டாம்னு சொன்னது சுத்தமா மறந்துருக்குப்பா. இது சாதாரண மறதி இல்ல" என்றான். என் மனைவி எஸ்தர் அவள் பங்குக்கு எடுத்து வைத்தாள். உப்பு வாங்கி வரச் சொன்னால் பருப்பு வாங்கி வருகிறேனாம். ஆலயத்தில் போதகர் எழுந்து நிற்கச் சொன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேனாம். பேரன் பத்து முறை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறேனாம். எல்லாம் உண்மை.

என் தகப்பனார் கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து, "தம்பி எந்தூரு?" என்று கேட்டவர். சாப்பிட்டு முடித்ததும் சாப்பாடு போடவில்லை என்று அழுவார். அந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு மரண பயம் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அப்பாவைப் போல ஆகிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் இருந்தது. அதனால்தான் மகன் சொன்னதும் உடனே நம்பினேன்.

மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான். காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த சமயம் என்பதால் டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார். துணைக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றதால் டேவிட் வந்தான், எஸ்தர் வெளியே உட்கார்ந்தாள். ஞாபகசக்தியைச் சோதிக்க வாய்க்கணக்குப் போலச் சில கேள்விகள் வைத்திருக்கிறார்கள். நாள், மாதம், ஊர் கேட்பார்கள். சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு.

முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன கெழம?" எனக்குக் கேட்டது, "இன்னைக்கு என்ன வெல?" போடிக்காரனைப் பார்த்தால் யாரும் கேட்கிற கேள்விதானே. டாக்டருக்கு வீட்டு உபயோகத்துக்கு ஏலக்காய் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, "எட்டு எம்எம் பச்சைக்கா நல்லா ஏறிக் கெடக்குங்க. வெளுத்த காயி கம்மியில கெடைக்கும்" என்றேன். டாக்டர் டேவிட்டைப் பார்த்தார். டேவிட் தரையைப் பார்த்தான்.

அடுத்து, "இது என்ன மாசம்?" எனக்கு அது "இது என்ன வாசம்?" என்று விழுந்தது. ஏலக்காய்க்காரன் மூக்கைச் சோதிக்கிறார் என்று நினைத்து, நன்றாக மூச்சை இழுத்து, "டெட்டால் வாசம். கூட கொஞ்சம் ஸ்பிரிட்டு வாசமும் வருது" என்றேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, எதையோ பெரிதாகத் தவறவிட்டேன் என்று மட்டும் விளங்கியது.

இன்னொன்றும் கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி என்று பின்னால் தெரிந்தது. நான் சொன்ன பதில், "சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் இல்லங்க." பிரஷருக்காக நான் தினமும் ஒரு மாத்திரை போடுவது எஸ்தருக்குத் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் டேவிட்டுக்குத் தெரியாது. எஸ்தர் வெளியே இருந்தாள்.

மறதி நோயின் தொடக்கம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் டேவிட் மூன்று காரியங்கள் செய்தான். ஏலத்துக்குள் நுழைகிற என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மாற்றினான். கடையை வாடகைக்கு விட ஆள் பார்த்தான். எங்கள் இருவரையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக அங்கே தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கச் சொன்னான். பாசத்தில் செய்ததுதான், சொத்துக்கு அலைகிற பிள்ளை இல்லை. ஆனாலும் அந்தப் பாசம் என்னை உயிரோடு ஓரங்கட்டியது. மலையும் ஏலமும் இல்லாத ஊரில், ஐந்தாவது மாடியில், ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளாக என்னை நானே பார்த்துவிட்டேன். அதற்கு நான் சம்மதிக்கப் போவதில்லை என்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு சோர்ந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. வியாதி முற்றுகிறது என்று நினைத்தோம். ஒருநாள் காலை குடோனில் சாக்கு மூட்டையில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஆம்புலன்ஸின் கூரை. எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது, சொல் எதுவும் கேட்கவில்லை.

தேனியில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேலே ஒரு பெட்டி. அதில் என் இதயத் துடிப்பு பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது, இப்படியே இருந்தால் இதயத்தைத் தட்டிவிட ஒரு சின்னக் கருவியைத் தோளுக்குக் கீழே தைத்து வைக்க வேண்டும் என்றார் இதய டாக்டர். அவர் சொன்னதை எஸ்தர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். நான் அதன் கீழேயே, "பயப்படாதே, நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எஸ்தர் தன் கைப்பையிலிருந்து எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் கொட்டினாள். மறதிக்குக் கொடுக்கிற மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும். என் பிரஷர் மாத்திரையும் துடிப்பைக் குறைக்கிற வகை. இரண்டும் சேர்ந்து என் இதயத்துக்கு இரட்டைக் கடிவாளம் போட்டுவிட்டன. மறதி மாத்திரையை நிறுத்தினார்கள், பிரஷருக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள், துடிப்பு மெல்ல ஏறியது. கருவி வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பிரிவில் இரவு, பகல் வித்தியாசம் கிடையாது. விளக்கு அணையாது. என் காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் என்னைத்தானோ என்று தலையைத் தூக்குவேன். நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்து, ஆள் குழம்பியிருக்கிறார் என்று எழுதி வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டால் அதையும் சேர்த்து எழுதுவார்கள் என்று பொறுத்துக்கொண்டேன்.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் டாக்டர் மலர்விழி வந்தார். மூளை, முதுமை சம்பந்தப்பட்ட டாக்டர். ஆண்டிபட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வாரத்தில் சில நாள் இங்கே நோயாளிகளைப் பார்ப்பார், மற்ற நாள் ஆராய்ச்சி. வந்தவர் என்னிடம் பேசுவதற்கு முன் எஸ்தரிடம்தான் பேசினார். அந்தப் பேச்சை எஸ்தர் எனக்குப் பின்னால் சொன்னாள்.

"யேவாரத்துல எப்படி இருந்தாக? ஏலத்துல ஏதும் தடுமாறுனாகளா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"அங்கன ஒரு தப்பும் இல்லம்மா. அவுக எடுத்த சரக்க மத்தவுக பொறாமைப்பட்டுப் பாப்பாக. வீட்டுக்கு வந்தாத்தான் இப்படி."

"ஏலத்துல சத்தம் போட்டுத்தானே வெல கேப்பாக?"

"அது அந்தக் காலம்மா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டருதான். மாதிரிக் காயி தட்டுல வரும், கையில எடுத்துப் பாப்பாக, மோந்து பாப்பாக. வெல திரையில ஓடும். பட்டனத் தட்ட வேண்டியதுதான். யாரும் பேச மாட்டாக."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். யாரும் பேசாத இடத்தில் தெளிவாக இருக்கிற ஆள், பேசுகிற இடத்தில் மட்டும் ஏன் குழம்புகிறார்? பழைய காலம் போல விலையைக் கூவி ஏலம் விட்டிருந்தால் என் காது போனது ஒரே வாரத்தில் பஜாருக்கே தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் என் செவிட்டைப் பல வருஷம் மூடி வைத்துவிட்டது.

அவர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு என் முகத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார். "அய்யா, மதுரையில சில வார்த்தைகளச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாகளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. பல்லி, வயிறு, கரும்பு."

பக்கத்தில் நின்ற டேவிட்டுக்கு முகம் மாறிவிட்டது. "அது இல்லப்பா. மல்லி, கயிறு, இரும்பு" என்றான்.

டாக்டர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மல்லி, பல்லி. கயிறு, வயிறு. இரும்பு, கரும்பு.

"ஏலே டேவிட்டு, பல்லியும் வயிறும் கரும்பும் என்னத்துக்கு ஒன்னாச் சேருதுன்டு அன்னைக்கிருந்து யோசிச்சுக்கிட்டே கெடக்கேன்டா" என்றேன்.

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு டேவிட்டிடம், "உங்க அப்பா மறக்கல தம்பி. அவுகளுக்கு என்ன வந்து சேந்துச்சோ அத இம்புட்டு நாளாப் பத்திரமா வச்சிருக்காக. சேந்ததுதான் தப்பு" என்றார். டேவிட் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்தது. நல்லவேளை, இந்த வார்டில் என் துடிப்பைக் காட்டும் பச்சைக் கோட்டுப் பெட்டி இல்லை.

அதே கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துச் செய்யச் சொன்னார். கிழமையும் மாதமும் சரியாக எழுதினேன். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். வியாபாரியைப் பார்த்து அப்படிக் கேட்பது அவமானம் என்று சொல்லிக்கொண்டே கழித்தேன்.

காது சோதனைக்குச் சத்தம் புகாத ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். பிறகு நீண்ட அமைதி. இயந்திரம் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் சத்தத்தை அனுப்பிக்கொண்டேதான் இருந்தாள், எனக்குத்தான் கேட்கவில்லை.

டாக்டர் மலர்விழி விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். வயதானால் காது மொத்தமாக அடைத்துப் போவதில்லை. மெல்லிய, கூர்மையான ஒலிகள் முதலில் போகின்றன. க, ச, த போன்ற எழுத்துகள் உரசிக் கிளம்பும் சத்தம் தேயும், அ, இ, உ நிற்கும். ஆகவே பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. மூளை சும்மா இருக்காது, தனக்குப் பழக்கமான சொல்லை ஓட்டையில் வைத்து அடைக்கும். ஏலக்காய்க்காரனுக்குக் கிழமை விலையாகும், மாசம் வாசமாகும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து நான் பாதிப் பேச்சைப் பிடித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். முகக்கவசம் அந்தப் பாதியையும் எடுத்துக்கொண்டது.

"காது கேக்காததுக்கும் மறதி நோய்க்கும் சம்பந்தமே இல்லையாம்மா அப்ப?" என்று நிம்மதியோடு கேட்டேன். அவர் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை.

"இருக்கு அய்யா. அதத்தான் நான் இத்தன வருசமாப் படிக்கேன். காத கவனிக்காம விட்டவுகளுக்கு மறதி நோய் கூடுதலா வருது. கேக்குறதுக்கே மூளை மல்லுக்கட்டுனா ஞாபகம் வைக்கச் சத்து எங்கன இருக்கும்? பேச்சு வெளங்கலண்டு ஆளுக ஒதுங்கிர்றாக, அதுவும் மூளைக்குக் கெடுதல். ஆனா காதுனாலதான் அது வருதுன்டு அடிச்சுச் சொல்ல முடியல. மெஷின் போட்டா வரவே வராதுன்டும் சொல்ல மாட்டேன். போடாம இருக்கதுக்குக் காரணம் ஒன்னும் இல்லண்டு மட்டும் சொல்வேன்."

ஸ்கேனும் எடுத்தார்கள். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் தட்டுகிற சத்தம், அதற்கு மட்டும் செவிடாகவே இருந்திருக்கலாம். மூளையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பல வருஷப் பிரஷர் நுண்ணிய ரத்தக் குழாய்களில் விட்டுப்போன தடம். எழுத்துத் தேர்விலும் எல்லாம் முழு மார்க் இல்லை, சில இடத்தில் வேகம் குறைவு. "இப்ப உங்களுக்கு இருக்கது மறதி நோய் இல்ல. நாளைக்கு வராதுன்டு நான் எழுதித் தர மாட்டேன். வருசா வருசம் பாப்போம். பிரஷர், நடை, காது, நாலு பேர்ட்டப் பேச்சு. இது உங்க கையில" என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. தரத்தைக் கூட்டிச் சொல்லி விற்கிறவரிடம் நான் சரக்கு வாங்குவதில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு ஒரு மதியம் டேவிட் தன் போனை என்னிடம் நீட்டினான். டாக்டரின் பெயரைத் தேடியிருக்கிறான். மறதி, காது, மூளை நலம் பற்றி அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். அவர் சுற்றுக்கு வந்தபோது அது என்ன எண் என்று கேட்டேன்.

"நான் எழுதுனத வேற ஆராய்ச்சிக்காரவுக தங்க கட்டுரையில எடுத்துச் சொன்னா, அது ஒரு மேற்கோள். அத எண்ணித்தான் எங்களுக்கு மதிப்புப் போடுவாக. பதவி, ஆராய்ச்சிப் பணம் எல்லாம் அதுலதான்."

"அப்ப உங்க சரக்கு நல்லாக் கைமாறுது. டீயில போட்டுக் குடிச்சது யாருன்டு யாராச்சும் கேப்பாகளா?"

அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். "கேக்க மாட்டாக. அந்த மதுர டாக்டரும் என் கட்டுரையப் படிச்சிருக்கலாம். படிக்கது வேற, வெளிய அம்பது பேரு காத்திருக்கையில மொதல்ல காதச் சோதிக்கது வேற. அவ்வளவு ஏன், ஆண்டிபட்டியில எங்க அம்மா இருக்காக. மெஷின் வாங்கிக் கொடுத்து ரெண்டு வருசமாச்சு. பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வச்சிருக்காக. போட்டா செவிடின்டு சொல்வாகளாம்."

பிறகு தயங்கியபடி, என் கதையைப் பெயர் போடாமல் ஒரு கட்டுரையாக எழுத அனுமதி தருவேனா என்று கேட்டார். காது கேட்கிறதா என்று பார்க்காமல் மூளையைச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மல்லியும் பல்லியும் நல்ல சாட்சியாம்.

"தமிழ்ல வருமா?"

"வராது அய்யா. தமிழ்ல எழுதுனா அந்த எண்ணுல சேராது."

"நீங்க இங்கிலீசுல எழுதுங்க. தமிழ்ல நான் எழுதுறேன். எனக்குத்தான் அந்த எண்ணு தேவையில்லையே."

விளையாட்டாகச் சொன்னது, எங்கள் வர்த்தகர் சங்க மலருக்கு எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. எழுதுவதற்கு முன்பே வாய்மொழியாக ஆரம்பித்துவிட்டேன். பஜாரில் யாராவது "என்னது, என்னது" என்று இரண்டு தடவை கேட்டால் விடுவதில்லை. பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு இருட்டிய பிறகு வந்து விசாரித்தார். இன்னொருவர், "எனக்கு நல்லாக் கேக்கும், இந்தக் காலத்து ஆளுகதான் முணுமுணுக்காக" என்றார். நானும் பல வருஷம் அதைத்தான் சொன்னேன் என்று அவரையும் சோதனைக்கு அனுப்பினேன். அதை டாக்டருக்குத் தெரிவித்தபோது, வந்த பதிலில் ஒரே வரி: "என் கட்டுரைக்குப் போடியில் விழுந்த முதல் மேற்கோள்."

காதுக் கருவி வாங்கிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். தேனி அல்லிநகரத்தில் ஒரு கடை. விலையைக் கேட்டதும் எனக்கு மறுபடி மயக்கம் வரும் போலிருந்தது. மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது, இதற்கு மட்டும் கிடையாதாம். கட்டிலில் படுப்பதற்குப் பணம் தருகிறவர்கள் படுக்காமல் இருக்க ஏன் தர மாட்டார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேரம் பேசிப் பார்த்தேன். கடைக்காரர் அசையவில்லை. டேவிட் பணத்தைக் கட்டிவிட்டான்.

இரண்டு காதிலும் மாட்டினார்கள். முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். பிறகு மின்விசிறி, பேப்பர் மடிக்கிற சத்தம், எஸ்தரின் வளையல். எல்லாம் தகரத்தில் விழுவது போலக் கரகரப்பாக இருந்தது. முதல் சில வாரம் அப்படித்தான் இருக்கும், கழற்றி வைக்கக்கூடாது, மூளை பழக வேண்டும் என்றார்கள். கழற்ற மாட்டேன் என்றேன். காரில் ஏறியதும் ரோட்டு இரைச்சல் தலைக்குள் புகுந்தது. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். முன் சீட்டில் நான், ஓட்டுகிறவர் பக்கத்தில். பின்னால் எஸ்தரும் டேவிட்டும்.

போடிக்குத் திரும்பும் வழியில் கோடாங்கிபட்டி தாண்டியிருக்கும். பின்னால் பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் கேட்காது என்று என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவது அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகுமா?

"அம்மா, மெஷின் போட்டாச்சுன்டு சும்மா இருக்க முடியாது. டாக்டரே வராதுன்டு சொல்லல. அப்பாவ நைசாப் பேசி ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போயிருவோம். அப்புறம் அங்கயே பழகிரும். நாளைக்கு அவுக உன்னையவே யாருன்டு கேட்டா, இங்கன தனியா என்ன செய்வ?" என்றான் டேவிட். குரல் உடைந்திருந்தது. அவன் பயந்திருக்கிறான், என்னைப் போலவே பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

எஸ்தர் பேசினாள். "கேட்டாக் கேக்கட்டும். எஸ்தர்னு சொல்லுவேன். மறுபடி கேட்டா மறுபடி சொல்லுவேன். அவுகளுக்கு மறந்துபோனா எனக்கு ஞாபகம் இருக்குல்ல, அது போதும். ஆனா அவுகள ஏமாத்தி எங்கயும் கூட்டிட்டுப் போகக்கூடாது. அவுக புத்தி நல்லா இருக்க ஒவ்வொரு நாளும் அவுக கடையிலதான் இருக்கணும். இதை உன்கிட்ட எத்தன தடவடா சொல்றது."

எத்தனை தடவை என்றாளே. அப்படியென்றால் இதை முன்பும் சொல்லியிருக்கிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறாள். அவளும் என்னை ஒதுக்கி வைக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். மூடிய கண்ணுக்குள் தண்ணீர் நிறைந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "டேவிட்டு, நாளான்னைக்கு ஏலம் இருக்கு. காலையில நீயே என்னையக் கொண்டுபோய் விட்டுட்டு ஊருக்குப் போ."

பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. எஸ்தர் முன்னால் சாய்ந்து, வழக்கம் போல என் மணிக்கட்டைத் தொட்டாள்.

"ஏங்க, நாங்க பேசுனது கேட்டுருச்சா?"

"நீ சொன்னது பூராம் கேட்டுருச்சு."